மூன்றாவது சுற்று பாக்கி

எங்கள் கேப் பிரெட்டன் தீவில் சாலையில் ஒரு மனிதன் ஓடினால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அவன் மாடு வேலி தாண்டியிருக்க வேண்டும். அல்லது வீடு பற்றி எரிய வேண்டும். உடம்புக்காக ஓடுவது என்று மூன்றாவதாக ஒரு காரணம் உண்டென்று இரண்டு வருஷமாக எல்லோருக்கும் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருவனும் நம்பவில்லை. ஓட ஆரம்பித்த புதிதில் என்னைக் கடக்கிற ஒவ்வொரு வண்டியும் நிற்கும், கண்ணாடி இறங்கும்.

"என்னப்பா லாக்கி, வண்டி படுத்துக்கிச்சா? ஏறு, விட்டுடறேன்."

"இல்லப்பா, சும்மா ஓடறேன்."

"சும்மாவா? எங்க?"

"எங்கயும் இல்ல. போயிட்டுத் திரும்பி வருவேன்."

அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாவம், லாக்கிக்கு மண்டை குழம்பிவிட்டது என்று அன்று மாலைக்குள் மூன்று கிராமத்துக்குச் செய்தி போய்விடும். சர்க்கரை ஏறியிருக்கிறது, ஓடு இல்லையேல் ஊசி என்று டாக்டரம்மா சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்ற பெயர் எனக்குப் பழகியதுதான். நான் பிடில் வாசிக்கிறவன்.

பிடில்தான் பிழைப்பு. கல்யாணம், சவ அடக்கம், கோடையில் வெளியூர்க்காரர்கள் நண்டும் மீனும் தின்னும்போது ஓட்டல் மூலையில் உட்கார்ந்து ஒரு வாசிப்பு, வியாழக்கிழமைதோறும் ஊர்க் கூடத்தில் ஜோடி ஆட்டத்துக்கு வாசிப்பு. "பகல்ல என்ன வேலை பாக்கறீங்க?" என்று அந்த வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தூங்குகிறேன் என்பேன். அது பாதிதான் உண்மை. தூங்கும்போதும் மெட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கும். பாத்திரம் கழுவும்போது ஓடும், கடையில் ரொட்டிக்கு வரிசையில் நிற்கும்போது ஓடும். நான் பாட்டுக்கு வலது குதிகாலைத் தட்டுவேன், முன்னால் நிற்கிறவள் அவசரப்படுத்துகிறான் என்று நினைத்துத் திரும்பி முறைப்பாள்.

ஓடுவதில் ஒரு பெரிய சுகம் உண்டு. யாரும் குறுக்கே வந்து, "எங்கப்பாவுக்குப் பிடிச்ச மெட்டு ஒண்ணு, பேரு ஞாபகமில்ல, ஆனா நல்லா இருக்கும், அத வாசி" என்று கேட்க மாட்டார்கள். எனக்கு வேண்டியதை எனக்கு வேண்டிய வேகத்தில் நானே மனசுக்குள் வாசித்துக்கொண்டு ஓடலாம். எங்கள் வாசிப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நடை மெட்டு, நிதானமாக. அப்புறம் சாய்ந்து சாய்ந்து போகிற மெட்டு. கடைசியில் ரீல். ரீல் என்றால் பாய்ச்சல். அதற்குள் நுழைந்தவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு திரும்பி வர மாட்டான், அப்படியே போய் முடிக்க வேண்டியதுதான். நான் ஓடுவதும் இதே வரிசையில்தான்.

இப்போது டொலீனாவுக்கு வருகிறேன். அவளை விட்டுவிட்டு என் கதையைச் சொல்ல முடியாது. என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள், கல்யாணமான நாளிலிருந்து என் பிடிலுக்குத் துணையாகப் பியானோ வாசிக்கிறவள். அவள் கல்யாணம், என்னுடையதல்ல. அவள் புருஷன் படகுக்காரன், நல்ல மனுஷன், இசை என்றால் ரேடியோ என்று நினைக்கிறவன். நான் எந்த மெட்டிலிருந்து எந்த மெட்டுக்குத் தாவப்போகிறேன் என்பது எனக்குத் தெரிவதற்கு முன் டொலீனாவின் இடது கைக்குத் தெரியும். இப்படி ஒரு ஆள் ஒரு பிடில்காரனுக்கு ஆயுளில் ஒருமுறைதான் கிடைப்பாள். வாய் மட்டும் கத்தரிக்கோல்.

போன மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை ஆட்டம் முடிந்து பியானோவை மூடியவள், கோட்டைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "டேய் லாக்கி, வர்ற குளிர்காலத்துலருந்து நான் கேலமுக்கு வாசிக்கப் போறேன்."

கேலம் பக்கத்துப் பள்ளத்தாக்குப் பையன். மீசை இன்னும் சரியாக வரவில்லை, கை மட்டும் மின்னல்.

"ஏன்? அவன் என்ன, தங்கத்துல பிடில் வெச்சிருக்கானா?"

"அவன் பாதியில நிறுத்த மாட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. விஷயம் இதுதான். எட்டுப் பேர் நாலு ஜோடியாக ஆடுவார்கள், மூன்று சுற்று சேர்ந்தால்தான் ஓர் ஆட்டம். முதல் இரண்டு சுற்றும் சாவகாசம். மூன்றாவது சுற்றுதான் ஆட்டத்தின் உயிர். அதற்கு ரீல் வாசிக்க வேண்டும், ஆடுகிறவர்களாக முடிக்கிறவரை பிடில் நிற்கக்கூடாது. பிடில்காரனாக நிறுத்துவது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் தட்டைப் பிடுங்குவதற்குச் சமம். நான் கொஞ்ச நாளாக அதைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம்தான்.

"எனக்கு அம்பத்தொரு வயசு, தாயே. என் கை என்ன மோட்டாரா?"

"கை நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் எப்படா முடியும்னு இருக்கு. அவங்க கால தூக்கிட்டு நிக்கறப்ப நீ வில்ல இறக்கற. நான் பியானோவுக்குப் பின்னால முகத்த ஒளிச்சுக்க வேண்டியிருக்கு. எனக்கு வெக்கமா இருக்குடா."

"நான் எதையும் பாதியில விடறவன் இல்ல. தினம் ஓடறேன், தெரியுமில்ல?"

"ஓடறியா? போன வாரம் எங்க வீட்டு மேட்டுல நடந்து போனியே, அதுக்கு என்ன பேரு?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நிகர் நான்தான். தீவைச் சுற்றி மே மாதம் ஒரு தொடர் ஓட்டம் நடக்கும், ஊருக்கு ஒரு குழு, ஆளுக்கு ஒரு துண்டுச் சாலை. அதில் மலைத் துண்டு என்று ஒன்று உண்டு. அதை ஓடுகிறேன் என்று எங்கள் ஊரில் எவனும் வாயைத் திறக்க மாட்டான். நான் திறந்தேன்.

"மலையில ஓடறேன். ஒரு இடத்துல நின்னாலோ நடந்தாலோ நீ கேலம்கிட்ட போ. ஓடி முடிச்சேன்னா?"

டொலீனா கையுறையை மாட்டிக்கொண்டு யோசித்தாள். "முடிச்சேன்னா இன்னும் ஒரு குளிர்காலம் உங்கூட வாசிக்கறேன். வண்டிய நானே ஓட்டிக்கிட்டுப் பக்கத்துல வருவேன். ஏமாத்த முடியாது."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான். ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே. ஏப்ரல் முழுக்கப் பனிச்சேற்றில் ஓடினேன். காலில் கொப்புளம், நகம் ஒன்று கறுத்து விழுந்தது. ராத்திரி படுத்தால் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும். அவள் இல்லாத ஒரு வியாழக்கிழமையை நினைத்துப் பார்ப்பேன், மறுநாள் காலையில் எழுந்து மறுபடி ஓடுவேன்.

ஓட்டத்தன்று கடலிலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கடிக்கிற ஈக்கள் வேறு. கிளம்பும் இடத்தில் ஹாலிஃபாக்ஸ் நகரத்திலிருந்து வந்த இளவட்டங்கள் தேன் குழம்பு மாதிரி எதையோ சின்னப் பையிலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு ஓட்ஸ் ரொட்டியும் வெண்ணெயும் தின்றுவிட்டு நின்றேன். டொலீனா தன் பழைய டிரக்கில் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"டேய், ஷூ கயிறு."

குனிந்து பார்த்தேன். அவிழ்ந்துதான் இருந்தது. என் வாழ்க்கையில் அவள் சொன்னது தப்பாக இருந்த நாள் ஒன்று வந்தால் திருவிழா கொண்டாடுவேன்.

முதல் பாதி சமதரை. மனசுக்குள் நடை மெட்டு. எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள், போகட்டும் என்று விட்டேன். பந்தயம் அவர்களோடு இல்லை. மூச்சு சீராக இருந்தது, கால் சொன்னபடி கேட்டது. இப்படியே போனால் மலையில் சாய்ந்த மெட்டு, உச்சி தெரியும்போது ரீல் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மலையடிவாரத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறது. ஓடுகிறவர்களுக்கு உற்சாகம் கொடுக்க அந்த முனையில் எங்கள் ஆட்கள் ஓர் ஆட்டமே வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் மீன்காரன் ஜோ ஆங்கஸின் டிரக் பின்பக்கத்தில் ஒரு மின்சாரப் பியானோ. என் சித்தி மகள் மோராக் பிடில், அவள் தங்கை பியானோ. தார்ச் சாலையோரத்தில் நாலு ஜோடி சுழன்றுகொண்டிருந்தது. தூரத்திலிருந்தே கேட்டேன். இரண்டாவது சுற்று, முடியும் தறுவாய். மோராக்கின் வில் கொஞ்சம் அவசரப்பட்டது.

நான் பக்கத்தில் வரவும் அவள் முடிக்கவும் சரியாக இருந்தது. பிடிலை நீட்டிக்கொண்டு சாலைக்கே வந்துவிட்டாள்.

"லாக்கி, நல்ல சமயத்துல வந்த. எனக்கும் இவளுக்கும் ஆஸ்பத்திரியில டூட்டி இருக்கு, இப்பவே லேட்டு. மூணாவது சுத்த நீ வாசிச்சுடு."

"அடியே, நான் ஓடிக்கிட்டிருக்கேன்!"

"தெரியுது. ஒரு பத்து நிமிஷம்தானே?"

நான் நிற்காமல் அந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன். நின்றால் போச்சு. பின்னால் டொலீனாவின் டிரக் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஆடி நின்ற ஜோ ஆங்கஸ் இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கினான். இறால் பெட்டிகளைத் தனியாளாகத் தூக்குகிற உடம்பு அவனுடையது.

"மலை எங்க ஓடிடப் போவுது? அங்கயேதான் இருக்கும். வந்து வாசிப்பா."

"நிக்கக் கூடாது ஜோ. பந்தயம்."

"நாங்க எட்டுப் பேரு இங்க நிக்கறமே, அது கண்ணுக்குத் தெரியலையா?"

மோராக் பிடிலைப் பெட்டியில் வைத்து டிரக் விளிம்பில் வைத்துவிட்டுத் தங்கையோடு காரில் ஏறிப் போயே போய்விட்டாள். எட்டுப் பேரும் அவரவர் இடத்தில் ஜோடி ஜோடியாக நின்றார்கள். யாரும் திட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

நான் ஓடினேன். முன் வைத்த காலைப் பின் வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். இது யாருக்காக ஓடுகிறேன், டொலீனாவுக்காகத்தானே, இன்று நின்றால் அவள் கேலமோடு போய்விடுவாளே என்றும் சொல்லிக்கொண்டேன். எல்லாம் நியாயம்தான். ஆனால் முதுகில் பதினாறு கண்கள். அந்தக் கண்களிலிருந்து தப்பிக்கிற அவசரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? மலையின் முதல் ஏற்றத்திலேயே ரீலுக்குள் நுழைந்துவிட்டேன்.

இதை ஒரு பிடில்காரன்தான் செய்வான். வேறு எவனாக இருந்தாலும் வேகம் அதிகமாகிவிட்டது என்று குறைத்துக்கொள்வான். என்னால் முடியவில்லை. மண்டையில் ரீல் ஓடுகிறது, கால் அதன் பின்னால் ஓடுகிறது. ரீலிலிருந்து இறங்கி வர எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வளைவுக்குப் பின்னால் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் இதுதான் கடைசி என்று தோன்றும், திரும்பினால் மேலே இன்னொன்று மூட்டத்துக்குள் போகும். நெஞ்சு அடைத்தது. வாயில் இரும்புச் சுவை. காலைப் பதிக்கிறேனா இழுக்கிறேனா என்று தெரியவில்லை. என்னைத் தாண்டிப்போன ஹாலிஃபாக்ஸ் பையன் ஒருவன் நடந்துகொண்டிருந்தான். நான் ஓடிக்கொண்டே அவனுக்குப் பின்னால் தங்கிவிட்டேன். என் ஓட்டத்தின் லட்சணம் அது. ஆனாலும் நடக்கவில்லை. சாமி சத்தியமாக நடக்கவில்லை.

டொலீனா பக்கத்திலேயே வந்தாள். தண்ணீரை நீட்டினாள், வாங்கினேன். வாய் மூடாதவள் மலை முழுக்க வாயே திறக்கவில்லை. என் வைராக்கியத்தைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உச்சியில் ஒரு மேசை, இரண்டு பேர், ஒரு கடிகாரம். கடைசி ஆளாக வந்து சேர்ந்தேன். கைதட்டினார்கள். நான் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடிந்து நின்றேன். மூச்சு வந்ததும் டொலீனாவைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

"நிக்கல. நடக்கல. பாத்தியா?"

"பாத்தேன். ஜெயிச்சுட்ட." டிரக் கதவில் சாய்ந்திருந்தாள். குரலில் ஒன்றும் இல்லை. "சொன்னா சொன்னதுதான். ஒரு குளிர்காலம் வர்றேன். வந்து வாசிச்சுட்டுப் போறேன்."

"என்னது, வாசிச்சுட்டுப் போறியா? கூலிக்கு மண்ணு சுமக்கற மாதிரி சொல்ற?"

"வேற எப்படிச் சொல்லச் சொல்ற? எட்டுப் பேர நடு ஆட்டத்துல நிக்க வெச்சுட்டு ஓடி வந்திருக்க. பாதியில நிறுத்தறன்னு சொன்னேன். இன்னிக்கு நீ ஆரம்பிக்கக்கூட இல்ல."

"நான் நின்னிருந்தா நீ கேலம்கிட்ட போயிருப்ப!"

"போயிருப்பனா?" என்று கேட்டாள். டிரக்கிலிருந்து என் கோட்டை எடுத்து மேசைமேல் போட்டாள், வண்டியைக் கிளப்பினாள், வந்த வழியே இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ரெண்டு மாதம் செத்துச் சுண்ணாம்பாகி, நகத்தைப் பறிகொடுத்து, மலையேறி வந்தவனுக்கு இதுவா பரிசு? வாய்விட்டுத் திட்டினேன். மேசைக்காரர் பயந்து ஒரு வாழைப்பழம் கொடுத்தார். அதைத் தின்று முடிப்பதற்குள் கோபம் இறங்கிவிட்டது. அது போனதும் அடியில் என்ன இருந்ததென்று தெரிந்தது. வெட்கம். சாலையோரத்தில் ஜோடி ஜோடியாக நின்றவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. அவர்களில் ஒருத்தி, ஜோ ஆங்கஸின் பெண்சாதி, கவுனின் ஓரத்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள், ஆரம்பித்ததும் சுழலத் தயாராக.

"நான் கீழதான் போறேன், மேசைய மடிச்சதும் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அந்த மனிதர்.

"வேணாங்க."

"நடந்தா போவீங்க?"

"ஓடிப் போவேன்" என்றேன். வண்டியில் போய் இறங்கியிருக்கலாம்தான். ஓடித் தாண்டிய இடத்துக்கு வண்டியில் சொகுசாகப் போய் இறங்கினால் அது என்ன லட்சணம்? கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். தொடை நடுங்கியது. நடுங்கட்டும்.

ஏறும்போது மூச்சுக்கு வேலை, இறங்கும்போது முட்டிக்கு. ஒவ்வோர் அடியும் முட்டிக்குள் ஆணி அடித்தது. மண்டையில் மெட்டே இல்லை. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு மெட்டும் இல்லாமல் ஓடினேன். அவர்கள் போயிருப்பார்கள், எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள், மழை வேறு தூறுகிறது, ஆளில்லாத முனையில் போய் நின்று என்ன செய்வாய் என்று மனசு கேட்டுக்கொண்டே வந்தது. போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்று அதன் வாயை அடைத்தேன். யாரும் இல்லாவிட்டால் வீடு வீடாகப் போய்க் கூட்டி வருவது என்று முடிவு செய்துகொண்டேன்.

தேவாலயத்துக் கூரை தெரிந்தது. அப்புறம் ஜோ ஆங்கஸின் டிரக். அப்புறம் அதன் பக்கத்தில் டொலீனாவின் டிரக்.

போகவில்லை. ஒரு ஜோடி மட்டும் பால் கறக்கப் போயிருந்தது. அவர்கள் இடத்தில் தபால்காரரையும் அவர் மகளையும் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். மற்றவர்கள் டிரக்கைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜோ ஆங்கஸ் கையில் பாதி முட்டை ரொட்டி.

"வந்துட்டான்" என்றான், ஏதோ நான் கடைக்குப் போய் வந்தமாதிரி. "மூணாவது சுத்து பாக்கிப்பா."

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன். என்ன மன்னிச்சுடுங்க. செஞ்சது அசிங்கம்."

"அசிங்கம்தான்" என்று ஜோவின் பெண்சாதி ஒத்துக்கொண்டாள். எழுந்து கவுனை உதறிக்கொண்டாள்.

டொலீனா டிரக்கின் மேலே மின்சாரப் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் ஏற முயன்றேன், கால் மடங்கவில்லை. தபால்காரரும் ஜோவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மூட்டையை ஏற்றுகிற மாதிரி ஏற்றினார்கள். மோராக்கின் பிடிலை எடுத்தேன். ஈரத்தில் தந்திகள் இறங்கியிருந்தன. டொலீனா ஒரே ஒரு விரலால் சுருதிக் கட்டையைத் தட்டினாள். நான் தந்தியை முறுக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தாள்.

ரீல் ஆரம்பித்தேன். டொலீனாவின் இடது கை வந்து அடியில் நின்றது. குதிகாலைத் தட்டப் பார்த்தேன், கால் என்னுடையதாகவே இல்லை. அந்த வேலையை ஆடுகிறவர்கள் எட்டுப் பேரும் தாரில் தட்டிச் செய்துகொண்டார்கள். ஒரு மெட்டு, இன்னொரு மெட்டு. கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது, பல்லைக் கடித்தேன். சாதாரணமாக எந்த இடத்தில் ஆட்டம் முடியுமோ அந்த இடம் வந்தது. ஜோ ஆங்கஸ் என்னை நேராகப் பார்த்தான், சிரித்தான், தன் பெண்சாதியை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினான். பழிவாங்குகிறார்கள் என்று புரிந்தது. சரி, வாங்கட்டும். நானாக நிறுத்த மாட்டேன், பார்த்துக்கொள்ளலாம். தோள்பட்டை எரிந்தது, மழை தந்தியில் விழுந்தது, மெட்டு மாற்றினேன், டொலீனா எனக்கு முன்னால் அங்கே போயிருந்தாள். தபால்காரர் முகம் சிவந்து காற்றுக்குத் தவித்தார். கடைசியில் ஜோதான் முதலில் கையைத் தூக்கினான்.

"போதும்பா, சாமி. செத்துடுவேன்."

அப்புறம்தான் வில்லை இறக்கினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டுப் பேர் முன்னால் அழுதேன், வெட்கமாகவே இல்லை.

எல்லோரும் கலைந்தபிறகு டொலீனா பியானோவுக்கு உறையைப் போட்டாள். டிரக் விளிம்பில் உட்கார்ந்திருந்த என் காலைப் பார்த்தாள். அது தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"வியாழக்கிழம ஆறு மணிக்கு வண்டியோட வர்றேன். இந்தக் கால வெச்சுக்கிட்டு நீ கிளட்ச் மிதிக்க மாட்ட."

"டொலீனா, ஒரு குளிர்காலம்னு சொன்னியே" என்றேன். "அது முடிஞ்சதும்?"

"அதுக்குள்ள உன் காலு சரியாயிடுமில்ல?" என்றாள். "அப்பறம் நீ வந்து என்ன ஏத்திக்கோ."